கையெழுத்தில்லாத பதினொரு சீட்டுகள்

ஆன்ஸ் மரோன் தொகுதியில் ஒருவருடைய வயதைக் கேட்டால் வருடத்தைச் சொல்ல மாட்டார்கள், தேர்தலைத்தான் சொல்வார்கள். தபால் நிலையத்து தெரசீன் மாத்துரின் முதல் தேர்தலின்போது இரண்டு வயதுப் பிள்ளை. அது 1951, சொத்தில்லாதவனும் எழுத்தறியாதவனும் ஓட்டுப் போடலாம் என்று வந்த வருடம். அவளுடைய அப்பா தோட்டத்திலிருந்து கால்கூடக் கழுவாமல் ஓடிப்போய்ப் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி போட்டுவிட்டு வந்தார். அந்தக் குறியைப் பற்றியே அடுத்த தேர்தல்வரை பேசிக்கொண்டிருந்தாராம். தெரசீனுக்குக் கல்யாணம் நடந்தது ஆறாவது தேர்தலுக்கு மறுவாரம். கணவன் எவரிஸ்த் கயானாவில் தங்கம் தோண்டப் போகிறேன் என்று கிளம்பியது எட்டாவதற்குச் சற்று முன்னால். போனவனிடமிருந்து ஒரு வரி வரவில்லை. ஊருக்கெல்லாம் கடிதம் கொடுக்கிறவளுக்குக் கடிதம் இல்லை என்று ஊர் கொஞ்ச நாள் சொல்லிச் சிரித்தது, பிறகு அதுவும் அலுத்துப்போயிற்று. ஒரே மகள் கடலுக்கு அந்தப் பக்கம் மார்த்தினிக்கில் ஓட்டல் வேலையில் இருந்தாள்.

தொகுதி என்று பெயர்தான் பெரிது. எல்லாம் சேர்த்து நாலாயிரம் ஓட்டுகூடத் தேறாது. கீழே கடலோரத்தில் மீன்பிடிக்கிறவர்கள் சங்குக் கட்சி, நீலச் சட்டை. மேலே மோர்ன் பவே மலையில் விவசாயம் செய்கிறவர்கள் வாழைக் கட்சி, பச்சைச் சட்டை. இந்தப் பக்கம் ஒரு பிள்ளை பிறந்தால் அந்தப் பக்கமும் ஒன்று பிறக்குமோ என்னவோ, முப்பது ஓட்டு, பதினெட்டு ஓட்டு, ஒன்பது ஓட்டு வித்தியாசத்தில்தான் ஒவ்வொரு தடவையும் முடியும். ஏழாவது தேர்தலில் வித்தியாசம் வெறும் நாலு.

தெரசீனைப் பயம் பிடித்தது அந்த நாலு ஓட்டில்தான். அப்போது அவள் மோர்ன் பவே பள்ளிக்கூடத்துச் சாவடியில் எழுத்தர். தலைமை அலுவலர் பள்ளிக்கூடத்தின் தலைமையாசிரியர் இப்போலீத். ஒவ்வொரு வாக்குச்சீட்டின் பின்பக்கத்திலும் தலைமை அலுவலர் தன் பெயரின் முதலெழுத்துகளைப் போட வேண்டும், அது இல்லாத சீட்டு செல்லாது. இப்போலீத் வாத்தியார் காலையில் கூட்டம் நெருக்கும் என்று முந்தின நாளே உட்கார்ந்து எல்லாச் சீட்டிலும் கையெழுத்துப் போட்டு வைத்துவிட்டார். அதில் ஆறு சீட்டை யாரோ திருடிக் கள்ள ஓட்டாகப் பெட்டிக்குள் போட்டுவிட்டார்கள். மனிதர் ஒரு காசு வாங்கவில்லை, வெறும் சோம்பேறித்தனம். ஆனால் யார் கேட்டார்கள்? ஏழு நாள் அவர் வீட்டுத் தகரக் கூரைமேல் கல் விழுந்தது. ஆறாம் நாள் வாசலில் இருந்த ஈரப்பலா மரத்தை வெட்டிச் சாய்த்தார்கள். எட்டாம் நாள் ஒரு பெட்டியோடு பார்படோஸ் படகில் ஏறியவர் திரும்பவே இல்லை.

அதற்குப் பிறகு தலைமை அலுவலர் வேலை தெரசீனிடம் வந்தது. அப்பா மலைக்காரர், கணவன் கடலோரத்தான். அவளை இரண்டு பக்கமும் நம்பவில்லை, அதனாலேயே இரண்டு பக்கமும் ஒத்துக்கொண்டது. மாட்டேன் என்று சொல்லவும் அவளுக்குப் பயம். வாக்காளர் எதிரே வந்து நின்ற பிறகுதான் பேனாவின் மூடியைத் திறப்பாள். தெ.மா. என்று போடுவாள், கிழிப்பாள், மடிப்பாள், கொடுப்பாள். இப்படியே மூன்று தேர்தலைக் குற்றம் குறையில்லாமல் கடத்திவிட்டாள்.

பதினோராவது தேர்தல் அன்று விடியற்காலையிலிருந்தே மழை. சாவடியில் அவளுக்குப் பக்கத்தில் எழுத்தராக காஸ்தோன் உட்கார்ந்திருந்தான், மீன் சங்கத்தில் கணக்குப் பார்க்கிறவன். எதிரே பெஞ்சில் கட்சி முகவர்கள் இருவர். வாழைக்கு அவளுடைய சித்தப்பா மகன் போனிஃபாஸ். சங்குக்கு மீன் விற்கிற க்ளோத்தில், தெரசீனின் மகளுக்கு ஞானஸ்நானத்தில் கைபிடித்த ஞானத்தாய். அந்த உறவில் இருவரும் ஒருவரையொருவர் ‘மக்கொமேர்’ என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள். அன்று மட்டும் க்ளோத்தில் அவளை ‘மேடம்’ என்றாள்.

இரண்டு மணிக்கு ஃபோன் காஷே ஆட்கள் வந்து சேர்ந்தார்கள். அது ஆற்றுக்கு அந்தப்புறம் இருக்கிற சின்னக் குடியிருப்பு, மொத்தமே பதினொரு ஓட்டு. ஆறு பெருகினால் அவர்கள் உலகத்திலிருந்தே துண்டாகிவிடுவார்கள். போன வருடம் அப்படித்தான், ஃபெலிசியானின் மனைவி ஒர்செலீன் பிரசவ வலியோடு கரையிலேயே கிடந்து, வெள்ளம் வடிவதற்குள் செத்துப்போனாள். இந்தத் தடவை வாழை வேட்பாளர் வெறும் வாக்குறுதியோடு நிற்காமல் பாலத்துக்கு வேண்டிய இரும்பு உத்தரங்களையே கொண்டுவந்து கரையில் இறக்கிவிட்டார். பதினொரு பேரும் கயிறு கட்டி ஆற்றைக் கடந்து, நெஞ்சுவரை நனைந்து வந்திருந்தார்கள். எண்பது தாண்டிய மா செஃபிரினை ஃபெலிசியான் முதுகில் சுமந்து வந்து பெஞ்சில் இறக்கினான்.

வந்த வேகத்திலேயே சண்டை. விரலில் மெழுகோ எண்ணெயோ தடவிக்கொண்டு வந்தால் மை ஒட்டாது, அப்புறம் வேறு பெயரில் இன்னொரு ஓட்டுப் போடலாம். அதனால் ஒவ்வொருவர் விரலையும் பிடித்துத் துணியால் அழுத்தித் துடைத்துத்தான் மைக்குப்பியில் முக்க வேண்டும். அது காஸ்தோன் வேலை. அவன் துணியோடு கையை நீட்டினான்.

“எடுடா கைய!” என்றாள் மா செஃபிரின். “சங்குக்காரன் கை என் விரல்ல படக்கூடாது.”

“மா, நான் உங்க விரலக் கடிச்சுத் தின்னவா போறேன்? துடைக்கணும், சட்டம்.”

“சட்டத்த உங்கப்பன்கிட்டப் போய்ச் சொல்லு. என் ஆட்ட ஓட்டிட்டுப் போனானே, அப்ப எங்கடா போச்சு உன் சட்டம்?”

வரிசையில் நின்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். காஸ்தோனுக்குக் காதுவரை சிவந்தது. “எங்கப்பா செத்து ஒன்பது வருஷமாச்சு மா.”

“ஆடு?”

வெளியே வரிசை நீண்டுகொண்டிருந்தது. ஆறு மணிக்குக் கதவை மூட வேண்டும், ஒருவர் மிஞ்சினாலும் கலாட்டாதான். தெரசீன் எழுந்தாள். “சரி மா, குடுங்க விரல. நானே துடைக்கிறேன். காஸ்தோன், நீ என் இடத்துல உக்காந்து சீட்டக் கிழிச்சுக் குடு.”

மற்ற பத்துப் பேரும் உடனே பிடித்துக்கொண்டார்கள். “எனக்கும் மிஸ் தெரசீன்தான்.” “எனக்கும்.” இரண்டு முகவர்களும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள், யாரும் வாயைத் திறக்கவில்லை. தெரசீன் பதினொரு ஈர விரல்களைத் துடைத்தாள், முக்கினாள். காஸ்தோன் பதினொரு சீட்டுகளைக் கிழித்தான், மடித்தான், கொடுத்தான். அவர்கள் குறி போட்டுப் பெட்டியில் இட்டுவிட்டு, ஆறு இன்னும் ஏறுவதற்குள் போகிறோம் என்று கிளம்பிவிட்டார்கள்.

தெரசீன் தன் நாற்காலிக்குத் திரும்பினாள். அடுத்த வாக்காளர் எதிரே வந்து நின்றார். பேனாவைத் தேடினாள். வாக்காளர் பட்டியலுக்கு அடியில் கிடந்தது. மூடி போட்டபடியே கிடந்தது.

ஒரு கணம் அவளுக்கு எதுவும் புரியவில்லை. பிறகு புரிந்தது, அந்தப் பதினொரு சீட்டிலும் கையெழுத்து இல்லை. அந்த வாக்காளருக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்து அனுப்பிவிட்டு, உதட்டை அசைக்காமல் கேட்டாள். “காஸ்தோன், நீ கிழிச்சப்ப பின்னாடி பாத்தியா?”

“கையெழுத்து உங்க வேலைதான மிஸ்? முன்னாடியே போட்டு வச்சிருப்பீங்கன்னு…” சொல்லும்போதே அவனுக்கு உறைத்துவிட்டது. இவள் முன்னாடியே போட்டு வைக்கிறவள் இல்லை என்பது தீவுக்கே தெரியும். “கடவுளே,” என்றான்.

“சத்தம் போடாத.”

“மிஸ், யாரும் பாக்கல.” அவன் பட்டியலில் முகத்தைப் புதைத்துக்கொண்டு பேசினான். “எண்ணறப்ப சீட்டு உங்க கைல. பேனாவும் உங்க கைல. ஒரு நொடி வேலை. அது பதினொண்ணும் வாழைன்னு எனக்குத் தெரியாதா? ஆனாலும் சொல்றேன், போட்டுடுங்க. இப்போலீத் வாத்தியார் வீட்டுக் கூரை எனக்கு இன்னும் கண்ணுல நிக்குது.”

தன் கட்சி ஜெயிப்பதைவிடத் தன் கூரை பெரிதாகப் பட்டது அவனுக்கு. அதற்காக அவனைக் குறை சொல்ல நான் தயாரில்லை. அடுத்த மூன்று மணி நேரம் தெரசீன் எப்படி உட்கார்ந்திருந்தாள் என்று அவளுக்கே தெரியாது. தெ.மா. தெ.மா. என்று கை போட்டுக்கொண்டே இருந்தது. ஒருமுறை பின்பக்கம் போய் வாந்தியெடுத்துவிட்டு வந்தாள். போனிஃபாஸ், “மதியச் சாப்பாடு ஒத்துக்கலையா தெரே?” என்று அக்கறையாகக் கேட்டான். அவள் மதியம் எதுவும் சாப்பிடவே இல்லை.

ஆறு மணிக்குக் கதவை மூடினார்கள். இந்த ஊரில் பெட்டியை எங்கேயும் கொண்டுபோவதில்லை, அதே மேஜையில்தான் எண்ணிக்கை. பெட்டியைக் கவிழ்த்தார்கள். ஒவ்வொரு சீட்டையும் தெரசீன் எடுத்து, முதலில் பின்பக்கம் கையெழுத்து இருக்கிறதா என்று காட்ட வேண்டும், பிறகு பிரித்துக் குறியைக் காட்ட வேண்டும். ஆறு சீட்டு எண்ணியாயிற்று. ஏழாவதை எடுத்தபோதே தெரிந்துவிட்டது. மடிப்பில் ஈரம் இருந்தது, பின்பக்கம் வெறுமையாக இருந்தது.

போனிஃபாஸ் ஜன்னலுக்கு வெளியே எட்டித் துப்பிக்கொண்டிருந்தான். க்ளோத்தில் மடியில் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தாள். காஸ்தோன் வேண்டுமென்றே ஒரு பென்சிலைக் கீழே போட்டுவிட்டு அதைத் தேடக் குனிந்தான். மூடி திறந்த பேனா அவள் வலது கையிலேயே இருந்தது. இரண்டு எழுத்து, இரண்டு புள்ளி.

அவள் போடவில்லை. நேர்மை என்று யாராவது சொன்னால் அவளே சிரிப்பாள். பயந்தவர்கள் பொய் சொல்வார்கள் என்று நாம் நினைக்கிறோம், தெரசீனுக்குப் பொய் சொல்லவும் பயமாக இருந்தது. இந்தக் கையெழுத்தை இப்போது போட்டால், இனி சாகிறவரை காஸ்தோன் தெருவில் எதிரே வரும்போதெல்லாம் நடுங்க வேண்டும். கல் ஏழு நாளில் ஓய்ந்துவிடும், இது ஓயாது.

“பின்னாடி கையெழுத்து இல்ல,” என்றாள். “இன்னும் பத்து இருக்கும். ஃபோன் காஷே சீட்டு. நான் விரல் துடைக்க எந்திரிச்சப்ப விட்டுப்போச்சு. தப்பு என்னோடது.”

போனிஃபாஸுக்குப் புரையேறியது. “என்னது? தெரே, வெளையாடாத. இப்பவே போட்டுடு, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்.”

“நான் சொல்லுவேன்!” க்ளோத்தில் கடலையெல்லாம் சிதற எழுந்து நின்றாள். “சட்டம்னா சட்டம். கையெழுத்தில்லையா, செல்லாது. எழுது மேடம், செல்லாதுன்னு எழுது!”

“வாய மூடுடி மீன்காரி!”

“மீன் வித்துச் சாப்புடறேன், ஓட்ட முழுங்கிச் சாப்புடலடா!”

வாசலில் நின்ற போலீஸ்காரர் உள்ளே வந்து இருவரையும் உட்கார வைத்தார். பதினொரு சீட்டையும் தெரசீன் பிரிக்காமலே ஒதுக்கினாள். பிரித்துப் பார்க்க வேண்டிய தேவையும் யாருக்கும் இருக்கவில்லை. மறுநாள் காலை வானொலியில் முடிவு வந்தது. ஆன்ஸ் மரோன் தொகுதியில் சங்கு வெற்றி, ஆறு ஓட்டு வித்தியாசம்.

அன்றே கொண்டாட்டக்காரர்கள் மேளத்தோடு அவள் குடியிருந்த தபால் நிலையத்து வாசலுக்கு வந்துவிட்டார்கள். “நம்ம தெரசீன்! நம்ம தெரசீன்!” என்று ஆடினார்கள். க்ளோத்தில் மூடிய பாத்திரத்தோடு கதவைத் தட்டினாள். “மக்கொமேர், தொற! உனக்குன்னே ஆக்குனது, பெரிய மீன் தல! வெக்கப்படாத, நீ செஞ்சத நாங்க மறக்க மாட்டோம்!” தெரசீன் கதவுக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டாள். கல் எறிந்திருந்தால்கூட இவ்வளவு நடுங்கியிருக்க மாட்டாள். அந்தப் பாட்டு மலைவரை கேட்கும், கேட்ட ஒவ்வொருவனும் அதை நம்புவான். க்ளோத்தில் வாசற்படியில் பாத்திரத்தை வைத்துவிட்டுப் போனாள். அதைத் தொட ஆளில்லாமல் நாய்தான் தின்றது.

கல்லும் வந்தது. இரண்டாம் நாள் சாயங்காலம் ஒன்று, மூன்றாம் நாள் மூன்று. போனிஃபாஸ் தெருவில் நின்று, “எங்க பெரியப்பா பேரு இதோட போச்சு!” என்று ஊர் கேட்கக் கத்திவிட்டுப் போனான். நான்காம் நாள் ஒரு லாரி மலையிலிருந்து இறங்கி வந்தது. ஜன்னல் இடுக்கு வழியாகப் பார்த்தாள். ஃபோன் காஷே ஆற்றங்கரையில் கிடந்த இரும்பு உத்தரங்களைத் தோற்றுப்போன வேட்பாளர் அதில் திருப்பி ஏற்றிக்கொண்டு போனார். அன்றைக்கு அவள் பயத்தோடு அழுகையும் சேர்ந்துகொண்டது. செத்துப்போன ஒர்செலீனை நினைத்தும் அழுதாள், தன்னை நினைத்தும் அழுதாள்.

ஆறாம் நாள் காலை தபால் நிலையத்தைத் திறந்து அரை மணிகூட ஆகவில்லை, மலைச் சரிவில் வரிசையாக ஆட்கள் இறங்கி வருவது தெரிந்தது. எண்ணினாள். பதினொன்று. ஆண்கள் எல்லார் இடுப்பிலும் வெட்டுக்கத்தி தொங்கியது. மலைக்காரன் வெட்டுக்கத்தி இல்லாமல் கோயிலுக்குக்கூட வர மாட்டான் என்பது அவளுக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் அந்த நேரத்தில் கத்திதான் தெரிந்தது, வழக்கம் தெரியவில்லை. பாதிக் கதவைச் சாத்தித் தாழ் போட்டாள். ஓடலாம் என்றால் பின்வாசல் கடலைத்தான் பார்த்திருந்தது.

மா செஃபிரின் தன் தடியால் கதவைத் தட்டினாள். “மிஸ் தெரசீன், ஒரு காயிதம் வாசிக்கணும்.”

அந்தக் குடியிருப்புக்கு இதுநாள்வரை வந்த ஒவ்வொரு காகிதத்தையும் அவள்தான் வாசித்திருக்கிறாள். ஆங்கிலத்தில் இருப்பதை ஊர்ப் பேச்சில் சொல்லுவாள், பதிலும் எழுதிக் கொடுப்பாள். இப்போதும் கை தானாகத் தாழை நீக்கிவிட்டுக் காகிதத்துக்கு நீண்டுவிட்டது. வாழைக் கட்சி வக்கீல் தலைநகரிலிருந்து அனுப்பிய வாக்குமூலம், ஒரே மாதிரி இரண்டு பிரதி.

“போனிஃபாஸ் கொண்டாந்து குடுத்தான்,” என்றாள் மா செஃபிரின். “கைநாட்டு வைங்க, பாலம் வந்துரும்னான். என்னடா எழுதியிருக்குன்னா, அதெல்லாம் உங்களுக்கெதுக்குன்றான். எதுக்கா? என்னன்னு கேக்காம நான் ஞானஸ்நானத்துக்கே தலையக் குடுத்திருக்க மாட்டேன். நீ வாசி.”

தெரசீன் முதலில் மனதுக்குள் வாசித்தாள். மூன்று வரிவரை பெயரும் ஊரும் தேதியும். நான்காவது வரியில் கண் நின்றது. அதைத் தாண்டிப் போனால் யாருக்குத் தெரியப்போகிறது? எதிரே நிற்கிற பதினொரு பேரில் ஒருவருக்கும் எழுத்துத் தெரியாது. தண்ணீர் குடித்தாள். பிறகு ஊர்ப் பேச்சில் வரி வரியாகச் சொன்னாள்.

“நாலாவது வரி. ‘சாவடித் தலைமை அலுவலர் தெரசீன் மாத்துரின் சங்குக் கட்சியோட பேசி வச்சுக்கிட்டு, தெரிஞ்சே, வேணும்னே எங்க சீட்டுல கையெழுத்துப் போடாம விட்டாங்க. அவங்க சைகை காட்டிக்கிட்டத நாங்க கண்ணால பாத்தோம்.’”

வெளியே ஒரு கோழி கத்தியது.

“நாங்க பாத்தோமா?” என்று கேட்டாள் மா செஃபிரின்.

“அப்படித்தான் எழுதியிருக்கு மா.”

“நீ வேணும்னு செஞ்சியா?”

“இல்ல மா.”

“அப்புறம் ஏன்டி வாசிச்ச? எங்களுக்கென்ன தெரியப்போகுது? அந்த வரிய முழுங்கியிருக்கலாமே.”

“பயமா இருந்துச்சு. வாசிக்கவும் பயமா இருந்துச்சு, விடவும் பயமா இருந்துச்சு.” சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

பின்னால் நின்ற ஃபெலிசியான் முன்னால் வந்தான். “அந்த வரிய அடிச்சுட்டா என்னாகும்?”

உண்மையைச் சொல்ல வேண்டியிருந்தது. “கேஸ் நிக்காது ஃபெலிசியான். கையெழுத்தில்லாத சீட்ட எண்ணக் கூடாதுன்னுதான் சட்டமே சொல்லுது. யாராவது சதி பண்ணிருந்தாத்தான் தேர்தல் செல்லாதும்பாங்க. அந்த வரி இருந்தா மறுதேர்தல் வரலாம். பாலமும் வரலாம்.”

“உனக்கு?”

“என்னக் கூட்டிட்டுப் போயிருவாங்க. ஜெயில்தான்.”

பதினொரு பேரும் வாசலுக்கு வெளியே போய் மாமரத்தடியில் நின்று பேசினார்கள். பேச்சில்லை, சண்டை. ஒருத்தி அழுதாள், ஒருவன் காறித் துப்பினான். ஒரு கட்டத்தில் மா செஃபிரினின் குரல் மட்டும் தனியாகக் கேட்டது. “அந்தப் பய என் விரலத் தொடக் கூடாதுன்னு சொன்னது யாரு? நானு! நான் வாயப் பொத்திக்கிட்டு இருந்திருந்தா அவ எந்திரிச்சிருப்பாளா?” உள்ளே தெரசீன் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவர்கள் என்ன முடிவு செய்தாலும் தனக்கு அது நியாயமாகத்தான் படும் என்பதுதான் அவளை அதிகம் நடுங்க வைத்தது.

திரும்ப வந்ததும் மா செஃபிரின் ஒரு பென்சில் கேட்டாள். “எதுடி அந்த வரி? விரல வச்சுக் காட்டு.” தெரசீன் காட்டினாள். கிழவி காகிதத்தின்மேல் குனிந்து, நாக்கைத் துருத்திக்கொண்டு, அந்த வரியின் தலையில் ஒரு பெருக்கல் குறி போட்டாள். அவளுக்குத் தெரிந்த எழுத்து அது ஒன்றுதான். அடுத்தவனும் பென்சிலை வாங்கி அதே வரியில் ஒரு குறி போட்டான். ஒவ்வொருவராக வந்து போட்டுவிட்டு, கீழே கைநாட்டும் வைத்தார்கள். ஒன்பது குறி விழுந்த பிறகு அங்கே என்ன எழுதியிருந்தது என்பதே தெரியவில்லை.

ஃபெலிசியானும் அவன் தம்பியும் போடவில்லை. மற்றவர்கள் வெளியேறியதும் ஃபெலிசியான் இரண்டாவது பிரதியை எடுத்தான். அதில் நான்காவது வரி அப்படியே இருந்தது.

“மைப்பெட்டியக் குடு மிஸ் தெரசீன்.”

அவள் நகர்த்தி வைத்தாள். அண்ணனும் தம்பியும் கட்டைவிரலைப் பதித்தார்கள்.

“நீ வேணும்னு செஞ்சேன்னு நான் நினைக்கல,” என்றான் அவன், அவள் முகத்தைப் பார்த்தே. “ஆனா எனக்குப் பாலம் வேணும்.”

“கண்ணால பாத்ததா எழுதியிருக்கு ஃபெலிசியான்.”

“ஒர்செலீன் செத்ததயுந்தான் கண்ணால பாத்தேன். அத எவனும் எழுதல.”

இரண்டு காகிதத்தையும் ஒரே உறையில் போட்டாள். முகவரி எழுதினாள். தபால்தலையை நாக்கில் வைத்தபோது துளி ஈரம் இல்லை, குவளைத் தண்ணீரில் விரலைத் தொட்டுத்தான் ஒட்ட வேண்டியிருந்தது. ஃபெலிசியான் வாசல்வரை போனவன் திரும்பிப் பார்த்தான்.

“இதாவது போய்ச் சேருமா?”

“சேரும்,” என்றாள் தெரசீன்.

பன்னிரண்டு மணிக்குத் தபால் லாரி வந்தது. வழக்கமாகப் பையை வாசலில் வைத்துவிட்டு உள்ளே போய்விடுகிறவள், அன்று தானே தூக்கிக்கொண்டு போய் ஓட்டுநரிடம் கொடுத்தாள். அவன் அதை வாங்கி இருக்கைக்குப் பின்னால் வைத்துக் கதவைச் சாத்தும்வரை லாரியின் பக்கத்திலேயே நின்றாள்.